நாறுதுன்னு சொல்லிகினே வா

நைனா,

இன்று காலை ஜன்னலைத் திறந்தேன். திறந்த கையோடு மூடியிருக்க வேண்டும். அழுகின முட்டை நாற்றம், அதன் மேல் டீசல், அதற்கும் மேல் எவனோ குப்பைக்கு வைத்த நெருப்பு. எல்லாம் சேர்ந்து நேரே தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. "நைனா, இன்னிக்கு முட்டை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். உன் பிளாஸ்டிக் நாற்காலியில் துவைத்த துணி குவிந்து கிடந்தது. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நாற்றம் வந்தால் என் வாய் இன்னும் உனக்குத்தான் சேதி சொல்கிறது.

எனக்கு மறுபடி எட்டாம் மாசம். மறுபடி சர்க்கரை. போன தடவை மாதிரியே டாக்டரம்மா, சாப்பிட்ட பிறகு நட என்கிறார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கே நடப்பது? நம் வீட்டுப் படியை விட்டு இறங்கினால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. லாரிக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் போகிற இடம். அந்த இடத்தை இந்த ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாம் கழிவறை என்று தீர்மானம் செய்து எத்தனையோ வருஷமாகிறது. பார்த்துக் கால் வைக்கலாம் என்றால் வயிறு மறைக்கிறது. என் பாதம் எனக்கே தெரிவதில்லை. எதை மிதித்தேன் என்பதைச் செருப்பு வழுக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறேன். எழுதும்போதே குமட்டுகிறது.

முதல் தடவை எங்கள் பெரம்பூர் வாடகை வீட்டிலிருந்து வளைகாப்பு முடிந்து உன் வீட்டுக்கு வந்தபோதும் இதே கதைதான். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். சமைத்துப் போட அத்தை வந்திருந்தாள், உன் அக்கா. இனிப்புத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னது நம் இரண்டு பேருக்கும்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போனால் குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துவிடும், பிரசவம் சிக்கலாகும். சாப்பாட்டைக் குறைத்து, நடந்து பார்ப்போம், கேட்கவில்லையென்றால் தினமும் ஊசி. ஊசி என்றதும் நான் அழுதேன். அத்தைக்கு வேறு கவலை. "வயித்துல புள்ளய வெச்சுகினு ரோட்ல சுத்தணுமா? ரெண்டு பேருக்குத் துன்னுட்டுப் படுத்துக்க" என்று ஒரு தட்டு சோறு மலையாகக் குவித்துக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டுக்காரி நேர்மாறு. தினம் குனிந்து வீடு துடைத்தால் வலி தெரியாமல் பிறந்துவிடுமாம். பேசிக்கொண்டே, கேட்காமல் கொள்ளாமல் வயிற்றைத் தடவுவாள். மீன் அலம்பின கை. அதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

நீதான், "டாக்டர் இன்னா சொல்லிச்சோ அதான். வா, நான் வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டாய். பிள்ளைத்தாய்ச்சியோடு அப்பன் நடப்பதை இந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை போலும், டீக்கடைப் பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் ஞாபகமிருக்கிறதா. மூச்சு வாங்குகிறது என்றேன். நீ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு சிமென்ட் கட்டையைத் துண்டால் தட்டினாய். "இங்க குந்துமா. காத்து நல்லா வருது." பக்கத்திலேயே பாதாளச் சாக்கடை மூடி பிதுங்கிக் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. அதில் கோழிக்கடைக்காரன் கொட்டின இறகும் குடலும் மிதந்தன. உட்காரக்கூட இல்லை, உன் செருப்பு மேலேயே வாந்தி எடுத்தேன். எடுத்து முடித்ததும் வந்தது பார் ஆத்திரம். "காத்து நல்லா வருதா? உனக்கின்னா மூக்கே இல்லியா?"

நீ குனிந்து செருப்பைக் கழற்றினாய். "இல்லமா" என்றாய்.

கிண்டல் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னாய். காண்ட்ராக்டரிடம் கூலிக்குப் போன காலத்தில் கப்பலுக்குள் இறங்கிக் கந்தகம் வாரினது. கண் எரியும், மூக்கில் ரத்தம் வரும், துண்டைக் கட்டிக்கொண்டு வாருவீர்கள். "நாறுது மேஸ்திரின்னு ஒருத்தன் சொன்னான். நாறுனா வூட்ல குந்துன்னு அனுப்சுட்டான். அப்பால யாரும் வாய தொறக்கல. நானுந்தான். பழகிடும் பழகிடும்னான். பழகிச்சு. அப்பால ஒண்ணுமே தெரில. பூட்ச்சு."

அம்மாவுக்குக்கூடத் தெரியாதாம். அவள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தால், "சோக்கா கீது" என்பாயாம். ஊசிப்போன குழம்பை நீ மறுபேச்சில்லாமல் சாப்பிடும்போதெல்லாம் நல்ல மனுஷன் என்று நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தோம். நைனா, அன்றைக்கு எனக்கு வந்தது பரிதாபம் இல்லை. அருவருப்பு. உன்மேல் இல்லை. ஒரு மனுஷனுடைய மூக்கைத் தின்றுவிட்டு, பழகிடும் என்று ஏப்பம் விட்டானே, அவன் மேல். அவன் முகம் எனக்குத் தெரியாது. அதனால் அந்த அருவருப்பை இறக்கி வைக்க இடமில்லாமல் இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது அவர் நடைக்கு ஒரு வழி சொன்னார். "நடக்கும்போது பேச முடியணும். பேச்சு திக்குச்சுன்னா வேகத்தைக் குறைங்க. அப்பவும் சரியாகலைன்னா நில்லுங்க. ஒரே மூச்சா நீளமா வேணாம், ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் கொஞ்சம் கொஞ்சம் நடங்க. வயிறு இறுக்கிப் பிடிச்சாலோ, தண்ணி, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ நேரா இங்க வந்துடணும்." நீ கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும் கேட்டாய்: "பேசிகினே நடக்கணும்னா இன்னா பேசறது?"

அதுவும் சரிதான். அப்பனும் மகளும் என்னத்தைப் பேசுவது, அதுவும் மூன்று வேளை. கொஞ்சம் யோசித்துவிட்டு நீயே சொன்னாய். "நாறுதுன்னு சொல்லிகினே வா. இன்னா இன்னா நாறுதுன்னு ஒண்ணு விடாம சொல்லு. எனக்கும் தெரிஞ்ச மாரி இருக்கும். ஒன் மூச்சும் எனக்குத் தெரியும்."

அப்படித்தான் நடந்தோம். நீ என் பாதத்துக்குக் கண். "லெப்ட்ல வெக்காத, எருமச் சாணி." நான் உனக்கு மூக்கு. "டீசல் நைனா. இப்ப மூத்திரம். இது பழைய மூத்திரம். எங்கியோ ரப்பர் எரியுது. அய்ய, எலி செத்துக் கிடக்குது." நீ கிரிக்கெட் கமென்ட்ரி கேட்கிறவன் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்பாய். ஒரு வீட்டைத் தாண்டும்போது மீன் குழம்பு என்றேன். "இன்னா மீனு?" மத்தி என்றேன். "நல்ல மத்தியா, போன மத்தியா?" சிரிப்பில் எனக்கு நடை நின்றுவிட்டது. அந்த ஒரு மாசத்தில் நான் சொன்ன அசிங்கங்களை வேறு எந்த மகளும் எந்த அப்பனிடமும் சொல்லியிருக்கமாட்டாள். சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் வந்தது. ஊசி வேண்டாம், இப்படியே போகட்டும் என்றார்கள்.

ஒன்பதாம் மாசம் பிறந்ததும் நடை சுருங்கியது. இடுப்பெலும்பு கழன்றுவிடும்போல் வலிக்கும். அடியைச் சின்னதாக வை என்றாய். கோயில் வரைக்கும் போனது மருந்துக்கடை வரைக்கும் என்றாகி, பிறகு டீக்கடையோடு நின்றது. நான் இன்னும் கொஞ்சம் போகலாம் என்பேன். "பேச்சுல காத்து வருது. திரும்பு" என்பாய். ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை.

அப்படி டீக்கடையோடு நின்ற ஒரு சாயங்காலத்துக்கு வருகிறேன். காற்று திடீரென்று வடக்கேயிருந்து திரும்பியது. வழக்கமான நாற்றம் எதுவும் இல்லை அது. மூக்குக்குள் ஊசி இறங்குவதுபோல் ஏறி, கண்ணில் நீர் கொட்டியது. "நைனா, இது வேற. கண்ணு எரியுது" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வயிறு கல்லாக இறுகியது. பெஞ்சில் இருந்த ஒருத்தன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான், "அது டெய்லி வர்றதுதாம்மா. கம்பெனில கேஸ் தொறந்து வுடுவான். பழகிடும்." இன்னொருத்தன், "எங்களுக்கு ஒண்ணும் நாறலியே. புள்ளத்தாச்சி மூக்கு, அப்டித்தான் இர்க்கும்" என்று சிரித்தான்.

உனக்கு எதுவும் தெரிந்திருக்காது. உனக்கு அது வெறும் காற்று. இருந்தும் அந்தப் பெஞ்சுக்கு எதிரே போய் நின்றாய். சத்தம்கூடப் போடவில்லை. "எம் பொண்ணு நாறுதுன்னா நாறுது" என்றாய். தோள் துண்டைக் கடைத் தண்ணீரில் நனைத்து என் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு, அப்படியே ஆட்டோவில் ஏற்றிவிட்டாய். ஆஸ்பத்திரியில் வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் துடிப்பைப் பார்த்தார்கள். நல்லபடியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் இறுக்கமும் விட்டது. அந்தப் பெஞ்சுக்காரர்கள் யாரும் பொல்லாதவர்கள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

அதற்குப் பிறகு தெருவே வேண்டாம் என்றாய். வீட்டுக்குள்ளேயே, மாடிப்படி முன்னால் இருக்கிற நடையில், ஜன்னலை மூடிக்கொண்டு, சுவரைப் பிடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கால் வலித்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்து எழுந்தேன். நீ எதிரே உட்கார்ந்து, "இப்ப இன்னா நாறுது?" என்பாய். "அத்தையோட கருவாடு." உள்ளேயிருந்து அத்தை திட்டுவாள்.

ஊசியும் இல்லாமல், கத்தியும் படாமல் பெண் பிறந்தாள். அளவான எடை. கையில் கொடுத்ததும் நீ முதல் வேலையாக அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுத்தாய். "இன்னா வாசனமா?" என்று கேட்டாய். இத்தனை நாளும் மூத்திரத்தில் பழசு புதுசு பிரித்துச் சொன்னவள், அதற்குச் சட்டென்று சொல் கிடைக்காமல் நின்றேன். "சோறு வெந்து மூடியத் தொறந்தா ஒண்ணு வருமே, அது" என்றேன். "அப்டியா" என்றாய். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தாய்.

இப்போது அவளுக்கு நான்கு வயது. உன் வீடு இருக்கிறது, வாடகை மிச்சம் என்று இங்கேயே வந்துவிட்டோம். உன் மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. அதனால் இந்தத் தடவை என்னோடு நடக்க அவள்தான் வருகிறாள். பேசிக்கொண்டே நடக்க வேண்டுமே என்று உன் விளையாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போன வாரம், கோழிக்கடைச் சாக்கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டேன்: "இன்னா நாறுது, சொல்லு?"

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். "ஒண்ணும் நாறலியேம்மா. நீ ஏன் மூக்கப் புடிச்சுகினு கீற?"

அப்படியே உன் குரல் நைனா. அவளைத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், கண்ணைக் கட்டி எலுமிச்சம்பழத்தை நறுக்கி முகத்துக்கு எதிரே நீட்டினேன். எலுமிச்சை என்றாள். கற்பூரம் என்றாள். காபித்தூள், கருவாடு, எல்லாம் சரியாகச் சொன்னாள். மூக்கில் பழுதில்லை. இது நாற்றம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. காற்று என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று வளர்ந்திருக்கிறாள். இதற்கா ஜன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள் அத்தனை நடந்தேன்? என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அன்றிரவு அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "இந்த வூடு வேணாம்" என்றேன். வேறு வீட்டுக்கு எங்கே போவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு திருத்தணிப் பக்கம் அவர் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்தோம். சாப்பிட்டதும் வயல் வரப்பில் இல்லை, தார்ரோட்டில்தான் நடந்தேன். ஆனால் மூச்சை மூக்கால் இழுக்க முடிந்தது. நேற்று திரும்பினோம். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, திருவொற்றியூரில் இறங்கி, ரோட்டுக்கு வந்து நாலடி வைக்கவில்லை. அவள் என் துப்பட்டாவை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"ச்சீ. நாறுதும்மா."

எந்தத் தாயாவது இதற்குப் பூரித்துப்போவாளா. நான் பூரித்துப்போனேன். "இன்னா நாறுது?" "முட்ட. அப்பால... லாரி." சரியாகச் சொன்னாள் நைனா, மேலே இருப்பது கீழே இருப்பது மாறாமல் சொன்னாள். அதே டீக்கடை. அதே பெஞ்சு, ஆட்கள் மட்டும் வேறு. ஒருத்தன் அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, செல்லமாகத்தான் சொன்னான்: "ரெண்டு நாள்ல பழகிடும் பாப்பா."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நின்றேன். பேச்சு வரும்வரை நின்று, பிறகு அந்தப் பெஞ்சைப் பார்த்துச் சொன்னேன்.

"எம் பொண்ணு நாறுதுன்னா நாறுது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன அடியாக வைத்து நடந்தோம். வீடு வருகிறவரைக்கும் ஒண்ணு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.