செவலையின் நாலாவது வித்தை

குதிரையை என்னிடம் விட்டுவிட்டுப் போன அண்ணாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம். எல்லோரும் உன்னை நினைத்து அழுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் பட்டணத்திலிருந்து வந்து சேர்வதற்குள் மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அது ஒரு கோபம். இன்னொன்று செவலை.

ஒரே குதிரை. நம் பக்கத்து வேலூர் வெற்றிலைக் கட்டுகளை வண்டியில் நாமக்கல்லுக்கு இழுத்தது. சேந்தமங்கலம் சாலைப் பந்தயத்தில் பறந்தது. மாரியம்மன் திருவிழாவில் மேளத்துக்குக் கால் மாற்றி ஆடியது. மூன்றையும் உனக்குச் செய்தது. எனக்கு மட்டும் ஒன்றும் கிடையாதா?

மூன்று வருஷம் கால்நடை வைத்தியம் படித்தவன் நான். பல், குளம்பு, மூச்சு எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. வண்டியில் பூட்டினேன், பந்தயம் என்று ஓட்டமெடுத்தது. வெற்றிலை அத்தனையும் புழுதியில். பந்தயத்துக்குக் கூட்டிப்போனேன், எல்லாக் குதிரையும் கிளம்பிய பிறகு நின்ற இடத்திலேயே ஆடியது! "அண்ணன் ஏறுனா குதிரை, டாக்டரு ஏறுனா கூத்துங்களா?" என்று ஒருவன் கத்த, சனமே சிரித்தது. செத்த பிறகும் நீதான் ஜெயிக்கிறாய். பொறாமையில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "வித்துப்போடலாம் சாமி. ஆட்டையாம்பட்டி ஜட்காக்காரன் வெள்ளிக்கெழமை வாரேன்னிருக்கறான்."

துக்கத்தில் உள்ளேயே கிடந்த அண்ணி, செவலையைக் கடைசியாகப் பார்க்கலாம் என்று புதன்கிழமை தொழுவத்துக்கு வந்தார்.

"ஏனுங் கொழுந்தனாரே, அது மேல கட்டறதெல்லாம் எங்கீங்க?"

"வந்த அன்னைக்கே மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டேனுங்க அண்ணி. ஒரே அழுக்கு. சிரங்கு வரும்."

நீ போன பிறகு அண்ணி அன்றுதான் சிரித்தார். "கழுத்துல மணி கட்டுனா வண்டி. பிடரியில நீலத்துணி கட்டுனா ஓட்டம். கால்ல சலங்கை கட்டுனா ஆட்டம். ஒண்ணுமே கட்டாம உட்டா, வாயில்லாச் சீவன் என்னத்தைக் கண்டுதுங்க? இதையெல்லாம் பட்டணத்துல சொல்லித் தரலீங்களா?"

நாங்கள் எல்லோரும் அலங்காரம் என்றல்லவா நினைத்திருந்தோம்! எனக்கு எத்தனை கடிதம் எழுதினாய்? அதில் ஒரு வரி இதை எழுதியிருக்கக் கூடாதா? மறந்தாயா, ஒளித்தாயா?

மறுநாள் மணியைக் கட்டினேன். நாமக்கல் போய்த் திரும்பும்வரை ஒரு வெற்றிலை சிந்தவில்லை. அப்பா விற்கும் பேச்சை விட்டுவிட்டார். ஜட்காக்காரன் வெறுங்கையோடு போனான்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. மணி சத்தம் கேட்டு அது நடந்தது உனக்காக. ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்தைத் திருப்பி, வண்டியில் யார் என்று பார்த்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது பொறுக்கவில்லை எனக்கு.

அதனால் உனக்குத் தெரியாத ஒன்றைத் தேடினேன். பட்டணத்தில் குதிரையை வேலி தாண்ட வைக்கப் பழகியிருக்கிறேன். காலேஜில் போட்ட கோடு போட்ட டையைச் செவலையின் கழுத்தில் கட்டி, தோட்டத்து வாய்க்காலுக்குக் கூட்டிப்போனேன். பதினோரு நாள் கரையில் வந்து நின்றுகொண்டது. இரண்டு தடவை என்னைத் தண்ணீரில் தள்ளியது. பன்னிரண்டாம் நாள் தாண்டியது, அண்ணா. அக்கரையில் நின்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

டையைப் பார்த்துவிட்டு அண்ணி கேட்டார்: "இது எதுக்குங்க?"

"இது எனக்குங்க" என்றேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். மாரியம்மன் திருவிழாவுக்கு உன் சலங்கையைப் புளி போட்டு விளக்கி நானே கட்டிவிடுவேன். அன்றைக்குச் செவலை உன்னுடையது. நான் கயிறு மட்டும் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் டை கட்டிய நாளில் வாய்க்கால் பக்கம் வந்துவிடாதே.

இன்னும் பொறாமை தீராத,
உன் கூடப்பிறந்த தம்பி