இரைச்சல் இல்லாத ஐந்து வோல்ட்

ஏப்ரல் 3, 2006, திங்கள்

இன்றும் பண்ணைகளுக்கு மாட்டு மருந்து கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. பாதி வழியில் தம்பி எல்டனின் பாட்டு பிளேயரில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அக்கார்டியன் இசை நின்றதுதான் தாமதம், அவன் காரின் கண்ணாடியில் தலையை முட்ட ஆரம்பித்துவிட்டான். முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கை அவன் நெற்றியில். திரும்பிவிட்டேன். அம்மா போனபிறகு அவனை வீட்டில் தனியாக விடவும் வழியில்லை.

அண்ணன் டாரல் போனில் பேசினான். "இன்னும் எத்தனை நாளு இப்படி, நொரீன்? லிங்கன் நகரத்துக் காப்பகத்துல இடம் இருக்கு. இருபதாம் தேதி சேத்துடு. ஒனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா?"

சரி என்றேன். ஆனால் அவ்வளவு தூரம் இவனைக் காரில் எப்படிக் கொண்டுபோவேன்?

ஏப்ரல் 6

கடையில் கார் சார்ஜர் வாங்கிவந்தேன். சார்ஜ் ஏறுகிறது. ஆனால் இன்ஜினின் கீச்சொலி பாட்டுக்குள் புகுந்துவிடுகிறது; வேகம் கூட்டினால் அதுவும் ஏறுகிறது. எல்டன் இயர்போனைப் பிடுங்கி எறிந்து கத்தினான். நானும் கேட்டுப் பார்த்தேன். பல்லில் துளை போடுகிற மாதிரி. பாவம்.

நானே ஒன்று செய்தால் என்ன?

ஏப்ரல் 8

பிளஸ், மைனஸ் கம்பியை மாற்றிச் சாலிடர் வைத்துவிட்டேன். காரின் ஃபியூஸ் போனது.

ஏப்ரல் 9

காரின் பன்னிரண்டு வோல்ட்டைப் பிளேயருக்கு வேண்டிய ஐந்தாகக் குறைக்கும் சில்லு, இரைச்சலை வடிகட்ட இரண்டு கெப்பாசிட்டர். சில்லு கொதிக்கிறது, விரல் சுட்டுவிட்டது. அலுமினியத் துண்டு ஒன்றில் திருகி வைத்தேன். இப்போது தொட முடிகிறது.

ஏப்ரல் 12

எல்டனைக் காரில் உட்காரவைத்து ஊரைச் சுற்றினேன். அவன் இயர்போனோடு காதைப் பொத்தி உன்னிப்பாகக் கேட்டான். "பாட்டுக்குள்ள வண்டி இல்ல," என்றான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு.

ஏப்ரல் 20, லிங்கன்

நாள் முழுக்க ஓட்டினேன். ஒருமுறைகூட முட்டவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான்.

காப்பகம் சுத்தமாக இருந்தது. அங்கிருந்த பெண்ணும் நல்லவள்தான். "நீங்க கெளம்புங்கம்மா. அழுதா நாங்க பாத்துக்கறோம்." அவன் அழவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

காரில் ஏறினேன். சாவியைத் திருப்பக் கை வரவில்லை. வேலைக்குக் கூட்டிப்போக முடியல, கார்ல உக்கார மாட்டேங்கிறான்னுதானே இங்க கொண்டாந்தேன்? அந்தக் கார்லதானேடி இன்னிக்கு முழுக்க உக்காந்து வந்தான்! — இது ஏன் வழியெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை?

உள்ளே போனேன். "எல்டா, எந்திரி."

ஏப்ரல் 25

டாரல்: "பைத்தியமாடி ஒனக்கு?" இருக்கலாம் என்றேன்.

இன்று எல்லாப் பண்ணைக்கும் மருந்து போய்ச் சேர்ந்தது. முதல் பண்ணையில் எல்டன் தானே இறங்கிக் கேட்டைத் திறந்தான், மூட மறந்தான். மாடுகள் ரோட்டுக்கு வந்துவிட்டன. இரண்டு பேரும் ஓடி ஓடி விரட்டினோம். "கேட்ட மூடணும்டா," என்றேன் மூச்சு வாங்க.

அடுத்த பண்ணையில் மறக்காமல் மூடினான், கார் உள்ளே போவதற்கு முன்பே.