வாரேனுங்க

1936, தை மாதம், வெள்ளிக்கிழமை.

இன்று துரையின் பேச்சுக்குக் குறுக்கே பேசினேன். பதினோரு வருஷமாக "எஸ் சார்" மட்டுமே சொன்ன வாய் இது!

வெள்ளைக்கல் சுரங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் துரை, புத்தகம் பார்த்துத் தமிழ் படித்தவர். மூன்று நாளாக மேஸ்திரி மாரப்பன் சாயங்காலம் வேலை முடிந்ததும் "வாரேனுங்க" என்று அவரைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். துரையோ, வருகிறேன் என்றவன் வருவான் என்று இருட்டும்வரை ஆபீசிலேயே காத்திருந்திருக்கிறார். இன்று காலை மாரப்பனை எதிரில் நிறுத்தி, "இவன் பொய்யன். சீட்டைக் கிழித்து அனுப்பு" என்று ஆபீஸ் குமாஸ்தாவான என்னிடம் சொன்னார்.

மாரப்பனுக்கு முகம் செத்துவிட்டது. "நான் என்னுங்க பொய் சொன்னேன்?" என்றான்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "துரை, இந்தப் பக்கம் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். அது திரும்பி வராதவன் பேச்சு. வீட்டுக்குப் போகிறவனும் 'வாரேன்' என்றுதான் சொல்லுவான்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

துரை என்னையே பார்த்தார். "அப்படியானால், நிஜமாக வருகிறவன் என்ன சொல்லுவான்?"

"அவனும் அதையேதான் சொல்லுவான். கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்."

துரை சிரித்துவிட்டார். மாரப்பனின் வேலை பிழைத்தது.

சாயங்காலம் காரில் ஒரு காலை வைத்த துரை தலையை மட்டும் எங்கள் பக்கம் திருப்பிக் கும்பிட்டு, "வாரேனுங்க!" என்றார்.

மாரப்பன் மிரண்டுபோய், "ஏனுங்க, நெசமாலுமே வாராருங்களா?" என்று என் காதில் கேட்டான்.

"பூட்ஸைப் பாருப்பா" என்றேன்.