அம்மனின் முதுகு

அன்பு அத்தைக்கு,

"யாரும் பாக்காத முதுகப் போயி எதுக்கு அத்தை எடுக்கிறீங்க?" என்று சிறுமியாக இருந்தபோது உங்களிடம் கேட்டேன். கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே, "அம்மனுக்கு முன்பக்கம் மட்டுந்தான் இருக்கா? ஆடாம நில்லுடி" என்றீர்கள்.

இந்தப் பக்கத்தில் கேமராப் பெட்டியைத் தூக்கிய முதல் பெண் நீங்கள்தான். எழுமலை அம்மன் கோயிலுக்குப் போனால், "துணிக்குள்ள தலைய விட்டு என்னத்தத் தேடுற தாயி?" என்று ஊரே கேலி பேசும். அம்மனுக்குச் சேலை மாற்றும் நேரம்வரை காத்திருப்பீர்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை வேப்பமரத்தில் சாய்த்து என்னைப் பிடிக்கச் சொல்லி, வெயிலை அந்த முதுகில் விழவைப்பீர்கள். பின்னலும் குஞ்சமும் கல்லிலிருந்து எழுந்து வரும்.

போன மாதம் உங்கள் படங்களோடு அங்கே போனேன். அதே முகம், அதே உடைந்த மூக்கு நுனி. ஆனாலும் ஏதோ உறுத்தியது. பின்னால் போய்ச் சேலைமேல் கை வைத்தேன். பின்னல் இல்லை அத்தை. வழவழவென்று வெறும் கல்.

வகுப்பில் பார்த்து எழுதும் பிள்ளைகளை இப்படித்தான் பிடிப்பேன். கண்ணுக்குத் தெரிந்த பக்கம் அச்சு அசலாக இருக்கும். தாளைத் திருப்பினால் காலி. இந்தச் சிலையைச் செய்தவனுக்கும் முன்பக்கப் படம்தான் கிடைத்திருக்கிறது.

பூசாரியிடம் படத்தைக் காட்டினேன். "முதுகுல என்ன இருக்கு டீச்சர்? சும்மா கெளப்பி விடாதீங்க" என்றார். அவர் கையிலிருந்த குங்குமம் சிந்தியது. மறுவாரம் போனால், அம்மனின் முதுகை ஒட்டிப் புதுச்சுவர். சிமெண்டு இன்னும் காயவில்லை.

நேற்று மத்தியானம் திருநகர் வீட்டுக்கு ஒருவர் வந்தார். நான் சொல்லாமலே உட்கார்ந்தார். "அந்தக் கண்ணாடித் தகடெல்லாம் ஒங்களுக்கு எதுக்கும்மா? ஒடஞ்சிரும். ஒத்தையில வேற இருக்கீங்க." வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்து, "மறுபடி வாரேன்" என்றார்.

நீங்கள் படம் பிடித்து விட்டுப்போன கண்ணாடித் தகடுகள் என்னிடம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அசல் அம்மன் இப்போது எந்த இருட்டில் கிடக்கிறாள்?

காளவாசல் ஸ்டுடியோவில் தகட்டிலிருந்து படம் போட்டு வாங்கிவிட்டேன். ஒன்று போலீசுக்கு. இன்னொன்று இந்தக் கடிதத்தோடு பத்திரிகையில் அச்சாகிறது. இனி அவர் தகட்டை உடைத்தாலும் அந்தப் பின்னலை ஊரே பார்த்திருக்கும். அவள் திரும்பி வரும்வரை நான் ஓயமாட்டேன் அத்தை, உங்கள்மேல் சத்தியம்.

இதைப் படிப்பவர்களே, உங்கள் ஊர்ச் சிலைக்குப் பின்னால் போய் நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இன்னும் ஆடாமல் நிற்கும்
உங்கள் அண்ணன் மகள்