கூட்டத் தெரியாத பெட்டி

மாப்ள,

இன்று காலை தங்கச்சி, உன் வீட்டுக்காரி, சோளக்காட்டுச் சந்தையில் என் மிளகுக் கடைக்கு வந்திருந்தாள். மிளகு மூட்டையை இறக்கியதும் ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தாள். "எனக்கு இத வெச்சு என்ன பண்றதுன்னு தெரியலீங்கண்ணா. நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். பைக்குள் நீ செய்த பெட்டி. மூடியைத் திறந்தேன். ஈயம் பற்றவைத்த வாசனை உள்ளே இன்னும் தங்கியிருந்தது. கடையில் ஆட்கள் நின்றதால் மூடிவிட்டேன்.

கோயமுத்தூரில் ஒலிக்கருவிகள் பழுதுபார்க்கும் வேலையை விட்டு நீ மலையேறி வந்தபோது கொண்டுவந்தது ஒரு சிடி பிளேயர், சத்தத்தைப் பெருக்கும் ஒரு பவர் ஆம்ப், இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டு. பிழைப்புக்கு ஜீப் ஓட்டினாய். மற்ற நேரமெல்லாம் பாட்டு. பிளேயருக்கும் ஆம்புக்கும் நடுவில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, முதலில் வேறொரு ப்ரீஆம்ப் இருந்தது. உன் வீடு இருக்கும் எடப்புளி நாட்டில் வோல்டேஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் அது இரைந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் இந்தப் பெட்டியைச் செய்தாய். பேசிவ் ப்ரீஆம்ப் என்றாய். கரண்ட் வயரே கிடையாது. உள்ளே வால்யூம் திருகு ஒன்றும் நாலைந்து கம்பிகளும். இதற்கா இத்தனை நாள் உட்கார்ந்தாய் என்று கேட்டேன்.

"இது எதையும் கூட்டாது மாப்ள. பிளேயர்ல இருந்து வர்ற சத்தமே ஆம்புக்குப் போதும். நமக்கு வேணுங்கிற அளவுக்கு இது கொறச்சுக் குடுக்கும், அவ்வளவுதான். தன் பங்குக்கு ஒண்ணும் சேக்காது."

அன்று ஒரு நாதஸ்வரக் கச்சேரி போட்டாய். வாசிக்கத் தொடங்குமுன் வித்வான் மூச்சிழுப்பது கேட்டது. பழைய பெட்டியின் இரைச்சலுக்கு அடியில் அந்த மூச்சு அத்தனை காலமும் கிடந்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. திருகு கால் சுற்றுகூடத் திரும்பியிருக்கவில்லை.

சில வருஷங்களில் திருகு பாதிக்கு வந்தது. பிறகு முக்காலுக்கு. "பொட்டியில உசுரு இல்ல. கம்பி நீளம் போல" என்று கம்பிகளை வெட்டிக் குட்டையாக்கினாய். திருகை மாற்றினாய். எனக்கோ அந்த அறையில் உட்கார முடியவில்லை, சத்தம் நெஞ்சில் இடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி அடுப்படியிலிருந்து உன்னைக் கூப்பிட்டாள். நீ திரும்பவில்லை. பாட்டு ஓடுகிறது, அதனால்தான் என்று நினைத்தேன். பாட்டு நின்ற பிறகும் கூப்பிட்டாள். நீ சிடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அவள் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் உன் ஜீப்பில் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கினோம். நான் உன் பக்கத்தில். பின்னால் பலாப்பழங்களோடு சில பெண்கள். கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே பஸ் ஹாரன் கேட்டது. நீ வேகத்தைக் குறைக்கவில்லை. மறுபடி ஹாரன், இன்னும் கிட்டத்தில். உன் முகத்தைப் பார்த்தேன். ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். "பஸ்ஸு" என்று கத்தி உன் கையைப் பிடித்தேன். ஜீப் அலறி நின்றபோது பஸ்ஸின் முகப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இடப்பக்கம் தடுப்புச்சுவர். அதற்கப்பால் பள்ளம்.

"ஹாரன் அடிக்காம வர்றான் பாரு" என்றாய்.

பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாக, "அடிச்சானுங்களே" என்றாள். அதுவும் உனக்குக் கேட்கவில்லை.

ஆட்கள் இறங்கியதும், உனக்குக் காது மந்தமாகிறது என்று சொன்னேன். உன் முகம் கறுத்தது. "என் காதப் பத்தியா பேசற? எந்த ஆம்ப் எங்க இரையுதுன்னு சொல்ற காது இது. கெட்டது பொட்டிதான்." நான் உன் ஜீப்பில் ஏறாமல் பஸ்ஸில் திரும்பினேன். எங்களுக்கு முன்னால் உன் ஜீப் காலியாக ஏறிக்கொண்டிருந்தது. மேலிருந்து வண்டி இறங்கும் ஹாரன் கேட்டபோதெல்லாம் நீ ஒதுங்கினாயா என்று ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் காலையே உன் வீட்டுக்கு வந்தேன். நீ உட்காரச் சொல்லவில்லை. "பொட்டியா காதான்னு பாத்துருவோம்" என்றேன். "நீ கண்ண மூடிக்க. நான் சுத்தமா கொறச்சுட்டு ஏத்திக்கிட்டே வாரேன். கேட்டதும் கையத் தூக்கு."

ஏளனமாகச் சிரித்துக் கண்ணை மூடினாய். புல்லாங்குழல் சிடியைப் போட்டேன். கால் சுற்றில் குழல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. உன் கை மடியிலேயே இருந்தது. பாதி வரை ஏற்றினேன். இப்போதாவது தூக்கு என்று மனசுக்குள் கெஞ்சினேன். முக்காலை நெருங்கியபோது கை எழுந்தது.

"இப்பத்தான ஆரம்பிச்ச?" என்றபடி கண்ணைத் திறந்தாய். திருகு நின்ற இடத்தைப் பார்த்தாய். கதவருகே தங்கச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றதையும் பார்த்தாய்.

நான் பாட்டை நிறுத்தினேன். "பொட்டி மேல தப்பில்ல" என்றாய். சட்டைப்பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தாய்.

சேலம் போய்க் காதுக்கருவி மாட்டிக்கொண்டு வந்த அன்று நீயே ஆரம்பித்தாய். "எதையும் கூட்டக் கூடாதுன்னவன் காதுக்குள்ளயே ஆம்ப வெச்சு அனுப்பிட்டாங்க." சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். நீ சிரித்த பிறகுதான் சிரித்தேன். அதன்பின் ஜீப்பை உன் மச்சான் ஓட்டினான். நீ என் கடையில் மிளகு தரம் பிரித்தாய். சந்தை இரைச்சலில் கருவி எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலக்கிவிடும். "மூஞ்சியப் பாத்துப் பேசு மாப்ள. உதடு தெரிஞ்சாப் போதும், மீதிய நான் புடிச்சுக்குவேன்" என்பாய்.

போன மழையில் ஒரு விடிகாலை நெஞ்சுவலி என்றாய். வண்டி மலையிறங்கும் முன்பே போய்விட்டாய்.

மிளகை நிறுத்துக்கொண்டே, குனிந்தபடி பதில் சொல்வது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வழக்கம். எனக்கு அது இப்போது வருவதில்லை. யார் வந்தாலும் கைவேலையை விட்டுவிட்டு, நிமிர்ந்து, முகம் பார்த்துத்தான் பேசுகிறேன். போன வாரம் வீட்டில் என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, இத்தன வருசமா முதுகக் காட்டிட்டே பேசுவீங்க. இப்பெல்லாம் நின்னு பேசறீங்களே?"

"பழகிப்போச்சு" என்றேன், அவள் முகத்தைப் பார்த்தே.