வெள்ளிச் சுரங்க ஊரில் ஒரு தொட்டில்

12 ஆகஸ்ட் 1973, திருப்பூர்

சம்பந்தியம்மா செல்லாத்தாள் தாராபுரத்திலிருந்து நேராக நம் பனியன் கம்பெனிக்கே வந்துவிட்டார். நான் பிசிறு வெட்டும் பெண்களோடு இருந்தேன். பனியன் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, "கல்யாணமாகி நாலு வருசமாச்சுங்க, இன்னும் ஒரு கொழந்தையக் காணோம். உங்க பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்கறா. டாக்டர்கிட்டயாவது காட்டறாங்களா?" என்றார். அமெரிக்காவில் இருக்கிற என் மகள் பழனியம்மாள் என்னிடம் மட்டும் என்ன சொல்லிவிட்டாள்?

2 செப்டம்பர்

மாப்பிள்ளை ரத்தினசாமி விமான டிக்கெட் அனுப்பியிருக்கிறார். அத்தை நான் வந்து கொஞ்ச நாள் இருக்க வேண்டுமாம். ஏன் என்று எழுதவில்லை.

7 அக்டோபர், லாஸ் ஏஞ்சல்ஸ்

பழனி இளைத்துப்போயிருக்கிறாள். சமைக்கிறாள், துணி மடிக்கிறாள், நான் பேசினால் சிரிக்கிறாள். அவளாக ஒரு வார்த்தை பேசுவதில்லை.

14 அக்டோபர்

மாப்பிள்ளை காரில் பாலைவனத்துக்கு அழைத்துப்போனார். பல்லடத்துப் பொட்டல் காடு போலத்தான் இருந்தது, மேய ஒரு வெள்ளாடுகூட இல்லை. மலையடியில் ஓர் ஊர். ஒரு காலத்தில் வெள்ளி வெட்டியெடுத்த இடமாம். வெள்ளி விலை விழுந்ததும் ஜனங்கள் போட்டது போட்டபடி போய்விட்டார்களாம். பாழாய்க் கிடந்த வீடுகளை எடுத்துக் கட்டி, காட்சிசாலையாக்கி வைத்திருக்கிறார்கள். சாராயக் கடை, பள்ளிக்கூடம், சவரக்கடை நாற்காலி, எல்லாம் இருக்கின்றன. ஆள்தான் இல்லை.

ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீடு. இரும்பு அடுப்பு, ஆணியில் மாட்டிய சட்டை, கட்டிலோரம் மரத்தொட்டில். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. பழனி குனிந்து உள்ளே போனாள். தொட்டிலைப் பிடித்து மெல்ல ஆட்டினாள். நிறுத்தவே இல்லை. பழங்காலக் கவுன் போட்டுக் காவலுக்கு நின்ற அம்மாள் தடுக்க வந்தவள், பழனியின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"எனக்கும் ஒரு பொண்ணு பொறந்துச்சும்மா," என்றாள் பழனி. "போன தை மாசம். உசிரில்லாம."

நானும் கயிற்றுக்குக் கீழே குனிந்து அவளருகே போனேன்.

"ஏழாம் மாசத்துல உங்களுக்கெல்லாம் சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குள்ள போயிருச்சு. பொறவு என்னன்னு சொல்றது?"

மாப்பிள்ளை சாத்திய கதவில் சாய்ந்து நின்று அழுதார். "நாந்தானுங்க அத்தை சொல்ல வேண்டாம்னேன். ஊர்ல இவளத்தான் குத்தம் சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன்."

அடி கண்ணு, இத்தனை மாதம் இதை எப்படியடி தனியாகச் சுமந்தாய்? அந்த யாரோ வீட்டுத் தரையில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போதும் என்று அவளே எழுந்த பிறகுதான் வந்தோம்.

15 அக்டோபர்

காலையில் பழனி தானாகப் பேசினாள். ரசத்தில் உப்பு கம்மி என்றாள்.

9 டிசம்பர், திருப்பூர்

தாராபுரம் போய் சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லட்டுமா என்று பழனியைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போய்விட்டார். காப்பி ஆறியது. நெடுநேரம் காத்திருந்துவிட்டு பஸ் ஏறினேன். நான் செய்தது சரிதானா? தெரியவில்லை.

17 பிப்ரவரி 1974

நேற்று பழனி ஊருக்கு வந்தாள். இன்று விடிந்ததும் சம்பந்தியம்மா வாசலில். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே பழனியிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு கேட்டார்: "எம் பேத்தி யாரு சாயல் கண்ணு?"

பழனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க சாயல்தானுங்க அத்தை. நெத்தி அப்படியே உங்களுது."

சம்பந்தியம்மா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இன்னும் சொல்லு," என்றார்.

நான் அடுக்களைக்குள் வந்துவிட்டேன். பழனி சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.