பிரபுவுக்கு முளைத்த தாடி

அன்புள்ள ஸ்தானா,

நீ நலமா? அப்பாவின் இருமல் இந்தப் பனிக்காலத்திலாவது அடங்கியதா? ருத்னிக் நாணயச்சாலையில் நான் சுகம். என் வலது கையும் இன்றுவரை சுகம்.

சின்ன விஷயம் ஒன்று, பயப்படாதே. நான் சம்மட்டியால் அடிக்கும் வெள்ளிக்காசின் அச்சு விரிசல் விட்டுவிட்டது. காசில் அது பிரபு உருவத்தின் கழுத்துக்குக் குறுக்கே கத்தி வைத்ததுபோல விழுகிறது. புது அச்சு வெட்ட நேரமில்லை என்று மேஸ்திரி ஒப்ராத் விரிசலின் மேலேயே ஒரு தாடியைச் செதுக்கிவிட்டார்.

"பிரபு தினமும் சவரம் பண்றவராச்சே அண்ணே" என்றேன்.

"கழுத்தறுந்த பிரபுவுக்குத் தாடி வச்ச பிரபு தேவலடா. போய் அடி."

இரண்டாயிரம் தாடி அடித்தாயிற்று. ஞாயிறன்று பிரபுவே காசுகளைப் பார்க்க வருகிறார். அவர் முகத்தைக் கெடுத்தால், காசை அடித்த கையை வெட்டுவது இங்கே சட்டம். அச்சைச் செதுக்கிய கையைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. மேஸ்திரி நன்றாகச் சாப்பிடுகிறார்.

சம்மட்டியின் பிடி சில்லிடுகிறது. குளிர்தான். கம்பளிக் கையுறை பின்னி அனுப்பு. இரண்டு கைக்கும் வேண்டும். ஆனால் இடது கைக்கானதை முதலில் பின்னு.

கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரன் அவசரப்படுத்துகிறான்.

உன்
போகொயே